விமானப் புள்ளிகள்: இலவச ஆசனத்தின் பொருளியல்

அண்மைக் காலத்தில் படித்த நடுத்தர வர்க்கத்தினரிடையே புதியதொரு பெருமிதம் தலைதூக்கியுள்ளது. நியூயோர்க்கிலிருந்து தோக்கியோவுக்கோ இலண்டனிலிருந்து சிங்கப்பூருக்கோ பதின்மூன்று பதினான்கு மணிநேரம் கால்நீட்டிப் படுத்துறங்கிச் சென்ற ஒருவர், அதற்காகத் தாம் கையிலிருந்து கொடுத்தது வரிகளையும் சில்லறைக் கட்டணங்களையும் மட்டுமே என்று கூறிக்கொள்கிறார். பயணச்சீட்டின் சந்தை விலையோ பல்லாயிரம் டொலர். எஞ்சியதைப் ‘புள்ளிகள்’ பார்த்துக்கொண்டன என்பது அவர் விளக்கம்.

இவ்வாறு கூறுபவர் தம்மை வெறும் அதிர்ஷ்டசாலியாகக் கருதுவதில்லை. எந்த வங்கியின் கடனட்டையை எப்போது எடுப்பது, அதன் புள்ளிகளை எந்த விமான நிறுவனத்தின் கணக்குக்கு மாற்றுவது, அப்புள்ளிகளைக் கொண்டு அந்நிறுவனத்தின் கூட்டாளி நிறுவனமொன்றின் முதலாம் வகுப்பை எவ்வாறு மலிவாகப் பெறுவது என்பனவற்றையெல்லாம் ஒரு கலையாகவே பயின்றவர் அவர். பெரு நிறுவனங்களை அவற்றின் சொந்த விதிகளைக் கொண்டே வென்றுவிட்டதாக நம்புகிறார். இந்நம்பிக்கை ஆதாரமற்றது. அவ்வாசனத்துக்குரிய விலை செலுத்தப்பட்டே உள்ளது. செலுத்தியவர்களுட் பெரும்பாலோர் அவ்விமானத்தில் ஏறாதவர்கள்.

வாடிக்கையாளருக்குப் பரிசு காட்டி அவரைக் கட்டிப்போடும் உத்தி பழையது. 1896 இல் ஐக்கிய அமெரிக்காவில் ஸ்பெரி அன்ட் ஹச்சின்சன் என்னும் நிறுவனம் கடைக்காரருக்குப் பச்சை முத்திரைகளை விற்கத் தொடங்கியது. கடைக்காரர் அவற்றைப் பொருள் வாங்குவோருக்கு வழங்கினார். ஏட்டில் ஒட்டிச் சேர்த்தவர் அவ்வேட்டைக் கொடுத்து வீட்டுச் சாமான்கள் பெற்றுக்கொண்டார். முத்திரையின் விலை கடைப்பொருளின் விலையிலேயே அடங்கியிருந்தது. 1978 இல் அமெரிக்க விமானப் போக்குவரத்தின் மீதிருந்த அரசாங்கக் கட்டுப்பாடு சட்டத்தால் நீக்கப்பட்டு, கட்டணப் போட்டி கடுமையாகியபோது, விமான நிறுவனங்கள் இவ்வுத்தியைக் கைக்கொண்டன. அமெரிக்கன் எயர்லைன்ஸ் 1981 மே 1 ஆம் திகதி தன் ‘அட்வான்டேஜ்’ திட்டத்தைத் தொடங்கியது. சில நாட்களுக்குள் யுனைட்டட் நிறுவனமும் பின்தொடர்ந்தது. பறந்த மைலுக்கு ஒரு மைல் கணக்கில் வைக்கப்படும். போதிய மைல்கள் சேர்ந்தால் ஓர் ஆசனம் கிடைக்கும். இதற்கு விசுவாசத்துக்கான வெகுமதி என்று பெயரிட்டனர்.

எவருடைய விசுவாசம், எவருடைய பணம் என்ற வினா அன்றே எழுந்திருக்க வேண்டும். அடிக்கடி பறப்பவர் வணிகப் பயணி. அவருடைய சீட்டுக்குப் பணம் கொடுப்பவர் அவருடைய எசமானர். விமானத்தைத் தெரிவு செய்பவர் ஒருவர், கொடுப்பவர் இன்னொருவர் என்ற இடைவெளியிலேதான் இத்திட்டம் வேர்கொண்டது. எதிர் நிறுவனம் ஐம்பது டொலர் குறைவாகக் கேட்டாலும் மைல் சேரும் நிறுவனத்தையே பயணி நாடுவார்; ஐம்பது டொலர் அவருடையதன்று, மைல் அவருடையது. ஓர் அலுவலகத்துக்குக் காகிதம் வாங்கும் எழுதுவினைஞர், காகிதக் கடைக்காரரிடமிருந்து மாதந்தோறும் தம் வீட்டுக்குப் பரிசு பெறுவாராயின் அதற்கு ஒரு பெயர் உண்டு. வானத்தில் நடைபெறும்போது அப்பெயர் மறக்கப்பட்டுவிடுகிறது.

எல்லா நாடுகளிலும் மறக்கப்பட்டுவிடவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. 2002 இல் ஜேர்மனியில், பாராளுமன்ற உறுப்பினர்கள் சிலர் அரசமுறைப் பயணங்களிற் சேர்ந்த மைல்களைச் சொந்தப் பயணங்களுக்குப் பயன்படுத்தியமை வெளிப்பட்டபோது அது பெரும் அரசியற் சர்ச்சையாகியது. பேர்ளின் மாநிலத்தின் பொருளாதாரப் பொறுப்பாளராயிருந்த கிரெகோர் கீசி, இதன் காரணமாக அவ்வாண்டு யூலை மாத இறுதியிற் பதவி துறந்தார். இதற்குச் சில மாதங்கள் முன்னர் அமெரிக்கா எதிர்த்திசையிற் சென்றிருந்தது. அதுவரை அரசுக்கு உரியனவாயிருந்த அரசாங்க உத்தியோகத்தரின் மைல்களை 2001 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டம் அவர்களுக்கே உரிமையாக்கியது. 2002 இல், தொழில் நிமித்தம் சேர்ந்த மைல்களின் சொந்தப் பாவனைக்கு வரி கோரப்போவதில்லை என்று வரித் திணைக்களமும் அறிவித்தது. சம்பளத்தின் ஒவ்வொரு சதத்துக்கும் வரி உண்டு. எசமானரின் செலவிற் கிடைத்த வணிக வகுப்புப் படுக்கைக்கு இல்லை. ஒரே காலப்பகுதியில் இரு நாடுகள் ஒரே செயலை இவ்வாறு நோக்கின.

ஆயினும் இவையெல்லாம் இன்று பழங்கதையாகிக்கொண்டிருக்கின்றன. இப்போது பெருமளவு புள்ளிகள் பறப்பதனால் ஈட்டப்படுவதில்லை. மளிகைக் கடையிலும் எரிபொருள் நிலையத்திலும் கடனட்டையை நீட்டுவதனால் ஈட்டப்படுகின்றன. விமான நிறுவனம் புள்ளிகளை வங்கிக்கு விற்கிறது. வங்கி அவற்றைத் தன் அட்டைதாரருக்கு வழங்குகிறது. டெல்டா நிறுவனம் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்திடமிருந்து இவ்வகையில் 2024 இல் பெற்ற தொகை ஏறத்தாழ 740 கோடி டொலர். கொள்ளைநோயால் விமானங்கள் தரையில் நின்ற 2020 இல் யுனைட்டட் நிறுவனம் கடன் பெறும்பொருட்டுத் தன் புள்ளித் திட்டத்தை ஈடுவைத்தது. அத்திட்டத்துக்கு அந்நிறுவனம் காட்டிய மதிப்பு 2,190 கோடி டொலர். அந்நிறுவனத்தின் பங்குகள் அனைத்துக்கும் அப்போது சந்தையிலிருந்த பெறுமதி இதில் ஏறத்தாழ அரைப்பங்கே. கணக்கியலாளர் இதற்குப் பல விளக்கங்கள் தரக்கூடும். சாதாரண வாசகருக்குத் தோன்றுவது ஒன்றே: விமானங்களையும் விமானிகளையும் வைத்திருக்கும் அந்நிறுவனத்தின் பொக்கிஷம், அது தானே அச்சிட்டுத் தானே விற்கும் ஒரு நாணயமாகும்.

அந்நாணயத்தை வாங்க வங்கிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? இதுவே இப்பிரச்சினையின் மையம். அட்டையால் நூறு டொலருக்குப் பொருள் வாங்கப்படும்போது கடைக்காரருக்கு நூறு டொலரும் போய்ச் சேர்வதில்லை. அமெரிக்காவில் ஏறத்தாழ 2 வீதம் பரிமாற்றுக் கட்டணமாக அட்டை வழங்கிய வங்கிக்குச் செல்கிறது; வெகுமதி அதிகமுள்ள அட்டைகளுக்கு இக்கட்டணமும் அதிகம். கடைக்காரர் இதனைத் தம் கைப்பணத்திலிருந்து கொடுப்பாரென எதிர்பார்க்க முடியாது. அவர் அரிசிக்கும் பாலுக்கும் சவர்க்காரத்துக்கும் விலையைச் சிறிது உயர்த்துகிறார். அவ்வுயர்ந்த விலையை அட்டைக்காரரும் கொடுக்கிறார், காசுக்காரரும் கொடுக்கிறார். அட்டைக்காரருக்கு அதில் ஒரு பகுதி புள்ளியாகத் திரும்புகிறது. காசை எண்ணிக் கொடுத்த கூலித்தொழிலாளிக்கு எதுவும் திரும்புவதில்லை.

இதனை வெறும் ஊகமெனத் தள்ளிவிட இயலாது. அமெரிக்க மத்திய வங்கியின் பொஸ்ரன் கிளையைச் சேர்ந்த ஷூ, ஷை, ஸ்ராவின்ஸ் என்னும் பொருளியலாளர் மூவர் 2010 இல் வெளியிட்ட ஆய்வு இதனைக் கணித்துக் காட்டியது. காசு பயன்படுத்தும் குடும்பம் ஒன்று ஆண்டுதோறும் சராசரியாக 149 டொலரை அட்டை பயன்படுத்தும் குடும்பங்களுக்கு அளிக்கிறது. அட்டை பயன்படுத்தும் குடும்பம் ஒன்று 1,133 டொலரைப் பெறுகிறது. வருமான அடிப்படையில் நோக்கும்போது, மிகக் குறைந்த வருமானமுள்ள குடும்பம் ஆண்டுக்கு 21 டொலரை இழக்க, மிக உயர்ந்த வருமானமுள்ள குடும்பம் 750 டொலரை ஈட்டுகிறது. இருபத்தொரு டொலர் சிறுதொகை என்பர். சிறுதொகைகள் கோடிக்கணக்கான கைகளிலிருந்து ஒழுகிச் சேர்வதனாலேயே விமானத்தின் முன்பகுதியிற் படுக்கைகள் விரிக்கப்படுகின்றன.

அட்டைதாரர் எல்லோரும் இதில் இலாபமடைகின்றனர் என்பதும் இல்லை. மாத முடிவிற் கடனை முழுமையாகத் தீர்க்க இயலாதவர், தாம் பெறும் புள்ளியின் பெறுமதியைப் போலப் பன்மடங்கை வட்டியாகக் கட்டுகிறார். ‘கலை’ பயின்றவரின் முதல் விதி வட்டி கட்டாதே என்பது. அவ்விதியைக் கைக்கொள்ளக்கூடியவர், ஏலவே கையிற் பணம் உள்ளவர். எனவே இக்கலையின் நுழைவுச்சீட்டு அறிவு என்பதிலும் பார்க்க வசதி என்பதே பொருந்தும்.

இத்திட்டங்களுக்குச் சார்பாக முன்வைக்கப்படும் வாதங்களுள் வலுவானது வெற்றாசன வாதமாகும். எப்படியும் விலைபோகாமல் வெறுமையாகப் பறக்கவிருந்த ஆசனத்தையே நிறுவனம் புள்ளிக்காரருக்கு விடுகிறது. அதில் ஒருவர் படுத்துச் செல்வதனால் எவருக்கு என்ன நட்டம் என்று வினவுகின்றனர். ஆசனத்தை மட்டும் நோக்கினால் இது சரியே. ஒருவரை மேலதிகமாக ஏற்றுவதற்குச் செலவாவது ஓர் உணவும் சிறிது எரிபொருளுந்தான். ஆனால் அவ்வாசனத்தைக் காட்டி நிறுவனம் வங்கிக்கு இலட்சக்கணக்கிற் புள்ளிகளை விற்றுள்ளது. ஆசனம் வெறுமையாயிருந்திருக்கலாம், அதன்பேரில் அறவிடப்பட்ட பணம் வெறுமையன்று. கடற்கரையிற் கிடந்த மீனை இனாமாகக் கொடுத்ததாகக் கூறும் முதலாளி, அந்த மீனைக் காட்டி ஊர் முழுவதும் வரி தண்டியிருப்பாராயின் இனாம் என்ற சொல்லுக்குப் பொருள் யாது?

மற்றொரு வாதம் சாமானியனின் வெற்றி பற்றியது. அதற்குச் சான்றாகக் கூறப்படும் கதைகள் சுவையானவை. அமெரிக்க நாணயச்சாலை, ஒரு டொலர் நாணயங்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவரும் நோக்குடன் 2008 இல் அவற்றை முகப்பெறுமதிக்கே விற்று, அனுப்புச் செலவையும் தானே ஏற்றது. புள்ளி வேட்டையாளர் ஆயிரக்கணக்கான நாணயங்களைக் கடனட்டையால் வாங்கினர். வீட்டு வாசலுக்கு வந்த பெட்டிகளை அப்படியே வங்கிக்குக் கொண்டுசென்று வைப்பிலிட்டுக் கடனைத் தீர்த்தனர். புள்ளிகள் மட்டும் மிஞ்சின. 2011 யூலையில் நாணயச்சாலை கடனட்டை விற்பனையை நிறுத்தியது. இதனைச் சாமர்த்தியம் என்று புகழ்ந்து எழுதினோர் பலர். அப்பெட்டிகளை நாடு முழுவதும் சுமந்து திரிந்த செலவு பொதுமக்களுடையது என்பதை எழுதியோர் சிலர். வங்கியோ விமான நிறுவனமோ இதில் எங்கே தோற்றது என்பதைப் புகழ்ந்தவர்கள் கூறவில்லை.

இனி, வென்றதாகக் கருதும் புள்ளிக்காரரின் கையிலுள்ள நாணயத்தின் தரத்தையும் நோக்குதல் தகும். எந்த அரசும் தன் பணத்தை இவ்வளவு துணிவாக மதிப்பிறக்குவதில்லை. யுனைட்டட் நிறுவனம் 2014 பெப்ரவரியில், கூட்டாளி நிறுவனங்களின் முதலாம் வகுப்பில் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு ஒருவழிப் பயணம் செய்வதற்குத் தேவையான மைல்களை 67,500 இலிருந்து 110,000 ஆக உயர்த்தியது. அதற்கேனும் மூன்று மாத முன்னறிவித்தல் இருந்தது. 2016 மார்ச் இறுதியில் அலாஸ்கா எயர்லைன்ஸ், எமிரேட்ஸ் விமானங்களின் முதலாம் வகுப்புக்கான விலையை ஒரே இரவில், அறிவித்தலின்றி, சில பாதைகளில் ஏறத்தாழ இரட்டிப்பாக்கியது. பின்னர் விலைப்பட்டியலே மறையத் தொடங்கியது. டெல்டா 2015 இலும் யுனைட்டட் 2019 இலும் தம் பட்டியல்களை அகற்றின. இன்று ஓர் ஆசனத்துக்கு எத்தனை புள்ளி என்பது, கேட்கும் கணத்தில் நிறுவனம் சொல்லும் எண்ணே.

சட்டத்தை நாடலாமெனின், அங்கும் கதவு பெரும்பாலும் அடைக்கப்பட்டுள்ளது. 1988 இல் அமெரிக்கன் எயர்லைன்ஸ் ஏலவே சேர்ந்திருந்த மைல்களின் பாவனைக்குப் புதுக் கட்டுப்பாடுகளை விதித்தது தொடர்பான வழக்கில், அமெரிக்க உயர் நீதிமன்றம் 1995 இல் தீர்ப்பளித்தது. மாநிலங்களின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டங்களின் கீழ் விமான நிறுவனத்துக்கு எதிராக வழக்காட முடியாது. ஒப்பந்த மீறலென்று மட்டும் வழக்காடலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம். ஒப்பந்தத்தை எழுதுவதோ நிறுவனம். 2014 இல் இன்னொரு வழக்கு முடிவுற்றது. நோர்த்வெஸ்ட் நிறுவனத்தின் உயர்நிலை அங்கத்தவரான யூத மதகுரு ஒருவர், சேவை பற்றி மிகுதியாக முறையிட்டதன் காரணமாகத் தம் அங்கத்துவம் நீக்கப்பட்டதாகக் கூறினார். அவர் திட்டத்தைத் துஷ்பிரயோகம் செய்தாரென்றது நிறுவனம். நிறுவனம் நல்லெண்ணத்துடன் நடந்துகொள்ளவில்லை என்ற அவரது மாநிலச் சட்டக் கோரிக்கைக்கு இடமில்லை என நீதியரசர்கள் அனைவரும் ஒருமனதாகக் கூறினர். இவ்விரு தீர்ப்புகளுக்கும் அடிப்படை 1978 ஆம் ஆண்டின் அதே சட்டமாகும். வாடிக்கையாளரின் விசுவாசத்தை விலைக்குக் கேட்பவர், தம் பங்குக்கு நல்லெண்ணத்தைக்கூடக் கடனாகக் கொண்டிருக்க வேண்டியதில்லை!

வளிமண்டலம் பற்றிய விடயம் தனிக் கட்டுரைக்குரியது. இரண்டொரு தரவுகள் போதும். ஒரு படுக்கையாசனம் பல சாதாரண ஆசனங்களின் இடத்தைக் கொள்கிறது. உலக வங்கியின் 2013 ஆம் ஆண்டு ஆய்வொன்றின்படி முதலாம் வகுப்புப் பயணியின் கரிச்சுவடு சிக்கன வகுப்புப் பயணியினதைப் போல ஒன்பது மடங்கு வரை செல்லலாம். 2018 இல் உலக மக்களுள் ஏறத்தாழ 11 வீதத்தினரே விமானத்திற் பறந்தனர் என்றும், பயணிகள் விமானங்களின் வெளியேற்றத்தில் அரைப்பங்குக்கு மேற்பட்டதற்கு உலக மக்களுள் 1 வீதத்தினரே காரணர் என்றும் கோஸ்லிங், ஹம்பே ஆகியோர் 2020 இல் எழுதினர். பறந்தவரை மேலும் பறக்கத் தூண்டுவதே புள்ளித் திட்டங்களின் நோக்கமாகையால், அவற்றைத் தடைசெய்ய வேண்டுமென 2019 இல் பிரித்தானியக் காலநிலை மாற்றக் குழுவுக்கு அளிக்கப்பட்ட அறிக்கையொன்று பரிந்துரைத்தது. நோர்வே, போட்டியைப் பாதுகாக்கும் பொருட்டு, உள்நாட்டுப் பறப்புகளில் மைல் சேர்ப்பதை 2002 முதல் 2013 வரை தடைசெய்தே வைத்திருந்தது. அந்நாட்டவர் அப்பதினோராண்டும் பறந்துகொண்டுதானிருந்தனர்.

இலங்கைக்கும் இதிற் பங்குண்டு. 1979 இல் எயர்லங்காவாகத் தொடங்கிய தேசிய விமான நிறுவனம் 2014 மே மாதத்தில் வண்வேர்ல்ட் கூட்டமைப்பில் இணைந்தது. அதனால் இங்கு சேரும் மைல் அக்கூட்டமைப்பின் பிற விமானங்களிலும் செல்லுபடியாகும். கொழும்பு வங்கிகளும் தம் அட்டைகளுக்கு மைல்களைக் காட்டுகின்றன. இங்குள்ள கடைகள் சில, அட்டையால் கொடுப்போரிடம் சில வீதம் மேலதிகமாகக் கேட்பதுண்டு. அது விதிக்கு முரணானதென மத்திய வங்கி எச்சரித்துள்ளது, அட்டைக்காரரும் சினக்கின்றனர். அக்கடைக்காரர் விதியை மீறுபவராயிருக்கலாம். ஆயினும் புள்ளிக்குரிய விலையைப் புள்ளி பெறுபவரிடமே கேட்கும் ஒரே மனிதர் அவரேயென்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகச் செல்பவளும் விமானப் பயணியே. அவளுடைய சீட்டை முகவர் வாங்குகிறார், கிடைக்கும் மலிவான வகுப்பில். அவ்வகுப்புக்குக் கிடைக்கும் மைல்கள் சொற்பம். சில வேளைகளில் அதுவும் இல்லை. இரண்டாண்டுக்கு ஒருமுறை ஊர் திரும்பும் அவளுக்கு, மூன்றாண்டிற் காலாவதியாகும் புள்ளிகளைக் கொண்டு எதையும் பெற வழியில்லை. நாட்டுக்கு அந்நியச் செலாவணி அனுப்புபவள் அவள். ‘விசுவாசமுள்ள வாடிக்கையாளர்’ என்ற பட்டியலில் அவள் பெயர் இல்லை. ஆய்வு மானியத்தில் மாநாட்டுக்குப் பறக்கும் பேராசிரியரின் பெயர் உண்டு. அம்மானியத்தாற் சேர்ந்த மைல் பேராசிரியருக்கா, பல்கலைக்கழகத்துக்கா உரியது என்ற வினாவை எழுப்புவது பண்பற்றதாகக் கருதப்படலாம். ஜேர்மனியில் ஓர் அரசியல்வாதியின் பதவி அவ்வினாவினாலேயே போயிற்று.

நோயுற்ற தாயைப் பார்க்கக் கண்டங் கடந்து செல்லும் முதியவர் ஒருவர், சேர்த்த புள்ளிகளால் ஓரிரவு படுத்துச் செல்வாராயின் அவரைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. குற்றம் ஏற்பாட்டினுடையது, அதனை மாற்றவும் முடியும். ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதியால் கடனட்டைப் பரிமாற்றுக் கட்டணத்துக்கு 0.3 வீதம் என உச்சவரம்பிட்டது. அவுஸ்திரேலியா 2003 இலேயே அக்கட்டணத்தை ஏறத்தாழ 0.95 வீதத்திலிருந்து 0.55 வீதமாகக் குறைத்தது. இரண்டிடத்தும் அட்டைப் புள்ளிகள் மெலிந்தன. கடைகள் மூடப்படவில்லை, விமானங்களும் நிற்கவில்லை. தொழில்முறைப் பயணத்தின் மைல்களை நிறுவனமே எடுத்து அடுத்த பயணத்துக்குப் பயன்படுத்துமாறு விதி செய்வதற்கு ஒரு சுற்றுநிருபம் போதும்.

இம்மாற்றங்களை எதிர்ப்போர் எவரென்பதை அமெரிக்க அனுபவம் காட்டுகிறது. பெரிய வங்கிகளின் கடனட்டைகளில் ஒன்றுக்கு மேற்பட்ட கொடுப்பனவு வலையமைப்புகளுக்கு இடமளித்துக் கட்டணப் போட்டியை உருவாக்கும் சட்டமூலம் ஒன்று 2022 இலும் 2023 இலும் அமெரிக்கக் காங்கிரசில் முன்வைக்கப்பட்டது. வங்கிகளும் விமான நிறுவனங்களும் தம் பெயரில் மட்டும் அதனை எதிர்க்கவில்லை. ‘உங்கள் புள்ளிகள் ஆபத்தில் உள்ளன’ என்று பயணிகளை எச்சரித்து, காங்கிரஸ் உறுப்பினருக்கு முறையிடுமாறு அவர்களைத் தூண்டின. தாம் நிறுவனங்களை வென்றுவிட்டதாக நம்பிய அதே புள்ளிக்காரர்கள் அந்நிறுவனங்களின் கட்டணத்தைக் காக்கும் பணிக்கு அழைக்கப்பட்டனர். சட்டமூலம் இரு தடவையும் சட்டமாகவில்லை.